கன்னத்தில் இல்லாத மச்சம்

தன் கடையை மூன்று அந்நியர்களிடம் விட்டுவிட்டுத் தொழப் போன ஒரு முதலாளியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன மாதம், ஓட்டமாவடியில், பட்டப்பகலில்.

“பாங்கு சொல்லிட்டாங்க. நான் தொழுதுட்டு வாறன். நீங்க இருந்து ஆறுதலாப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார் லத்தீப் நானா. மேசையில் மூன்று லெப்டொப்புகள். எதிரே நாங்கள் மூன்று பேர். கதவு அகலத் திறந்து கிடக்கிறது.

நான் கணக்கு வாத்தியார். எத்தனையோ பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வைக்கு நின்றவன். ஆனால் இப்படி ஒரு பரீட்சையை அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்குப் பரீட்சை எழுதியவை லெப்டொப்புகள். திருத்தியவர் கொம்பியூட்டரைத் தொட்டே பார்த்திராத ஒரு பெண். பெயிலானவன்... நான்தான்.

எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும் — போன வருடம் மூன்று கிழமை, வாரம் தவறாமல், கொம்பியூட்டர் வாங்குவது எப்படி என்று எழுதித் தள்ளினேன். ரேம் என்றால் என்ன, ஹார்ட் டிஸ்க் என்றால் என்ன, புரொசெசர் எத்தனையாம் தலைமுறை... எல்லாம் புத்தகத்தில் பார்த்ததும் பொடியன்களிடம் கேட்டதும்தான். ஆனால் அச்சில் வந்துவிட்டால் அறிவு வந்துவிட்டதாக ஒரு நம்பிக்கை, வாசிக்கிறவனுக்கும் எழுதுகிறவனுக்கும். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யார் கொம்பியூட்டர் வாங்கப் போனாலும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நானும் மறுப்பதில்லை. பெருமைக்கு யார்தான் மாட்டேன் என்பார்கள்?

அப்படித்தான் நேசமலர் கூப்பிட்டார்.

செங்கலடிச் சந்தியில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், ஓர் ஒற்றை அறை ஸ்டூடியோ. அதன் சொந்தக்காரி, படம் எடுக்கிறவர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் அவர் ஒருவர்தான். நாற்பதை எட்டாத வயது. மெதடிஸ்த கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில் பாடுவார். ஊருக்கு அவர் ‘நேசக்கா’. அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம், சாமத்தியச் சடங்கு, கல்யாணம் என்று எல்லாம் எடுப்பார். ஆனால் அவரைத் தேடி வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வருவது அதற்காக அல்ல.

கடலும் யுத்தமும் கடந்துபோன எங்கள் பக்கத்தில் மிக அதிகம் தேவைப்படுகிற படம் எது தெரியுமா? இல்லாமல் போனவர்களின் படம்.

பாதி கரைந்த அடையாள அட்டையைக் கொண்டுவருவார்கள். யாரோ ஒருவருடைய கல்யாண அல்பத்தில், பந்தியில் குனிந்து சாப்பிடுகிற ஆளைக் காட்டி, “இவர்தான் எங்கட அப்பா” என்பார்கள். தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்களை ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். நேசம் அந்தக் குப்பைக்குள்ளிருந்து ஒரு முகத்தை எடுத்துக் கொடுப்பார். ஐந்து வருடமாக இதுதான் வேலை. அவர் எத்தனை வீட்டுச் சுவர்களை நிரப்பியிருக்கிறார் என்று அவருக்கே கணக்கில்லை.

அந்த வேலையைச் செய்த கொம்பியூட்டரின் கதையையும் கேளுங்கள். ஸ்டூடியோ முதலில் கல்லடியில் இருந்தது. கடல் வந்த அன்று அந்தக் கொம்பியூட்டர் முழுக்க உப்புத் தண்ணீருக்குள் கிடந்தது. மூன்றாம் நாள் தோண்டி எடுத்தார்கள். எல்லோரும் எறியச் சொன்னார்கள். நேசம் அதைக் கழற்றி, ஒவ்வொரு பலகையாகத் தண்ணீரில் கழுவினார். கொம்பியூட்டரைத் தண்ணீரில் கழுவுகிறவளைப் பார்த்து, பாவம், அதிர்ச்சியில் மூளை குழம்பிவிட்டது என்று கதைத்தவர்களும் உண்டு.

“போட் இஞ்சினக் கடலுக்குள்ள விழுத்திப்போட்டா என்ன செய்வாங்க சேர்? நல்ல தண்ணியில கழுவுவாங்கதானே. உப்பு இரிக்கிறதவிடத் தண்ணி பட்டது பரவாயில்ல. கிணறெல்லாம் கடத்தண்ணி ஏறிக் கிடந்தது. அதால மழைத் தண்ணியப் பிடிச்சிக் கழுவினன்” என்றார் பிறகொரு நாள், சாதாரணமாக.

கழுவி, வெயில் எறித்த நேரமெல்லாம் காயவைத்து, ஒரு மாதம் கழித்துச் சுவிட்சைப் போட்டார். வேலை செய்தது! போன மார்கழிக்கு முந்திய மாதம் வரை வேலை செய்தது. அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நேசத்தின் மேல் ஒரு பயபக்தி. ஆனால் கடல் சத்தம் கேட்கிற இடத்தில் அவரால் இருக்க முடியவில்லை. அதனால்தான் செங்கலடிக்கு வந்தார்.

சரி, ஐந்து வருடம் உழைத்த கொம்பியூட்டரை ஏன் மாற்ற வேண்டும்? அதற்குக் காரணம் சிவமணி.

சிவமணி வாகரைப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறவர். புருஷன் கடல் தொழில். சுனாமியில் அவர்களுடைய மூத்த மகள் துஷாந்தி போய்விட்டாள். ஒன்பது வயது. பிள்ளையோடு சேர்ந்து வீடும் போனது, வீட்டிலிருந்த படங்களும் போயின. அதற்குப் பிறகு யுத்தத்தில் இடம்பெயர்ந்து, கூடாரம் கூடாரமாக அலைந்து, திரும்பி வந்து ஒரு கல்வீடும் கட்டியாயிற்று. பிள்ளையின் முகம் மட்டும் எங்கும் இல்லை.

“ஒவ்வொரு வருசமும் அந்த நாளுக்கு எல்லாற்ற வீட்டுலயும் படத்துக்கு முன்னால விளக்கு வைக்கிறாங்க சேர். நான் வெறுஞ் சுவருக்கு வைக்கிறன்” என்று என்னிடம் சொன்னார். அழுது சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னார்.

யுத்தம் முடிந்த பிறகு ஓர் அதிசயம் நடந்தது. துஷாந்தியின் வகுப்பாசிரியர் இடம்பெயர்ந்தபோது தன் இரும்புப் பெட்டியைப் பழுகாமத்தில் சொந்தக்காரர் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பாதை திறந்த பிறகுதான் போய் எடுத்திருக்கிறார். பெட்டிக்குள் நாலாம் வகுப்புக் குழுப்படம்! ஒரு பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. இரண்டாம் வரிசையில் துஷாந்தி. முகம் ஒரு மிளகளவு. ஆனால் முழுதாக இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு சிவமணி நேசத்திடம் வந்தார். மார்கழி இருபத்தாறுக்கு, கடல் வந்த அந்த நாளுக்கு, முன்னால் பெரிய படமாக வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

நேசம் செய்து கொடுத்தார். சிவமணி படத்தைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்துவிட்டு, மேசையில் திருப்பி வைத்தார்.

“வடிவாத்தான் இரிக்கு நேசக்கா. ஆனா இது ஆர்ட புள்ள?”

நம் பக்கத்து ஸ்டூடியோக்களுக்கு ஒரு தீராத வியாதி இருக்கிறதே — யார் முகமாக இருந்தாலும் வெளுப்பாக்குவது! கறுப்பியாகப் போனவள் படத்தில் மாவில் செய்த பொம்மையாக வருவாள். சனமும் அதைத்தான் கேட்கிறது. நேசம் அந்தப் பாவத்தைச் செய்யாதவர். ஆனாலும் துஷாந்தி வெளுத்துத்தான் வந்திருந்தாள். திருத்தி இரண்டாம் தரம் எடுத்தார். இப்போது சாம்பல் பூசியது போல் வந்தாள். மூன்றாம் தரமும் சரிவரவில்லை.

பிறகுதான் விளங்கியது. பிழை நேசத்தின் கையில் இல்லை, ஸ்கிரீனில். வயது போன ஸ்கிரீன் சிவந்து இருண்டுவிட்டது. அதில் சரியாகத் தெரியும்வரை அவர் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறார், சிவப்பைக் குறைத்திருக்கிறார். கொம்பியூட்டரில் பிள்ளை சரியாக இருக்கிறாள், பேப்பரில் வெளுத்துப்போய் வருகிறாள். கொஞ்ச நாளில் கொம்பியூட்டரும் ஒரேயடியாக நின்றுவிட்டது.

“இவ்வளவு காலமும் எத்தின முகத்த நான் இப்பிடி மாத்திக் குடுத்தனோ தெரியாது சேர்” என்றார் நேசம். அந்தக் கவலை அவரை உண்மையிலேயே வருத்தியது. இருபத்தாறாம் திகதிக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

அப்போதுதான் நான் என் அறிவோடு உள்ளே நுழைந்தேன்.

ஓட்டமாவடிக்குப் போவோம் என்று சொன்னதும் நான்தான். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு தொண்டு நிறுவனங்களின் ஒபிஸ் இருந்தது. இப்போது ஒவ்வொன்றாக மூட்டை கட்டுகிறார்கள். அவர்கள் பாவித்த லெப்டொப்புகளெல்லாம் லத்தீப் நானாவின் கடை மாதிரி இடங்களுக்கு வருகின்றன. ஒபிஸ் வேலைக்கென்றே செய்த கறுப்புப் பெட்டிகள், மாடு மாதிரி உழைக்கும்.

பஸ் ஏறப்போனால், நேசத்தோடு சிவமணியும் நிற்கிறார்.

“இவவும் வாறாவா?” என்று நேசத்திடம் மெதுவாகக் கேட்டேன். லெப்டொப் வாங்குகிற இடத்தில் கடல் தொழில் செய்கிறவரின் மனைவிக்கு என்ன வேலை? என் மனதில் அப்படித்தான் ஓடியது. ஒப்புக்கொள்கிறேன்.

“முகம் தெரிஞ்சவ அவதானே சேர்” என்றார் நேசம்.

எந்தப் படத்துக்காக வந்திருக்கிறோம் என்று நேசம் சொன்னதைக் கேட்டுவிட்டு, லத்தீப் நானா ஐந்து லெப்டொப்புகளை எடுத்து வைத்தார். நான் சட்டைப் பையிலிருந்து என் பட்டியலை எடுத்தேன். ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, எந்த வருடத்து மொடல்... ஒவ்வொன்றாகக் கேட்டு, சரி போட்டு, ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டேன். ஐந்திலும் புதியது, பளபளவென்று மின்னுகிற ஒன்று. அதன் ஸ்கிரீனில் என் முகமே தெரிந்தது. இதைவிட என்ன வேண்டும்?

நேசம் என் தீர்ப்பை மரியாதையாகக் கேட்டுவிட்டு, குனிந்து முதலாவது லெப்டொப்பின் காற்றுத் துவாரத்தை முகர்ந்து பார்த்தார்.

“என்ன தங்கச்சி, மாம்பழமா பாக்கிறீங்க?” என்று சிரித்தார் லத்தீப் நானா.

“இது கடக்கரையில இருந்ததுதானே நானா?”

நானாவின் சிரிப்பு நின்றது. “ஓம்... கடக்கரை ஒபிஸ் ஒண்டுல இருந்துதான் வந்தது. எப்பிடித் தெரியும்?”

நேசம் அதைத் திருப்பி, வயர் செருகுகிற இடத்திலிருந்த திருகாணிகளைக் காட்டினார். தலையில் லேசாகத் துரு. வெளியில் பளிச்சென்று துடைத்திருந்தார்கள், உள்ளே உப்புக் காற்று போய்விட்டது. இன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்கு நிற்கும் என்றார். இன்னொன்றிலும் அதே மணம். அப்படி இரண்டு கழிந்தன. ஸ்டூடியோவில் கடல் புகுந்த நாளிலிருந்து அந்த மணம் அவர் மூக்கைவிட்டுப் போகவில்லையாம்.

மிச்சம் மூன்று. ஒவ்வொன்றையும் ஒரு மூலையில் மட்டும் பிடித்து, ஒரு கையால் தூக்கினார். என் பளபளப்புக்காரன் ‘நறுக்’ என்று முனகினான். மற்ற இரண்டும் சத்தம் போடவில்லை. மூடியைப் பாதி திறந்து கையை எடுத்தார். எடுத்த இடத்திலேயே நிற்கிறதா, ஆடுகிறதா, சாய்கிறதா? பிறகு காதை வைத்து ஃபேனைக் கேட்டார். டொக்டர் நெஞ்சுச் சளி பார்க்கிற மாதிரித்தான் இருந்தது. ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினார். ஒன்றைக்கூட விடவில்லை. எனக்கு எழுத்துகளை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதே தோன்றியிருக்கவில்லை. மூன்று கிழமை எழுதியவன் நான்!

அதன் பிறகு மூன்றின் சார்ஜர்களையும் கழற்றிவிட்டார். “பற்றரியில ஓடட்டும் நானா. பாப்பம்.”

“எவ்வளவு நேரம்?”

“நீங்க தொழுதுட்டு வரும் மட்டும்.”

அப்படித்தான் லத்தீப் நானா கடையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, “பற்றரி என்ட பேரக் கெடுக்காம இரிக்க துஆ கேட்டுட்டு வாறன்” என்றும் சொன்னார்.

நேசம் பென் டிரைவை எடுத்தார். அதில் அந்த வகுப்புப் படம் இருந்தது, தெரிந்த ஒருவரின் ஸ்கேனரில் எடுத்தது. மூன்று லெப்டொப்பிலும் அதைப் போட்டு, துஷாந்தியின் முகத்தைப் பெரிதாக்கினார். பிறகு மேசையைக் கதவடிக்கு இழுத்து, நல்ல பகல் வெளிச்சத்தில் வைத்தார். அசல் படத்தைச் சிவமணியின் கையில் கொடுத்தார்.

“நீங்க பாருங்க சிவமணி. எதுல உங்கட புள்ள இரிக்கிறா?”

சிவமணி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். ஏன் கழற்றினார் என்று எனக்குத் தெரியவில்லை. கடைக்குள் நாங்கள் எல்லோரும் செருப்போடுதான் நின்றோம். நானும் என்னுடையதைக் கழற்றினேன்.

முதலில் என் பளபளப்புக்காரன். சிவமணி குனிந்து பார்த்தார். தெருவில் போன லொறியும், கதவும், என் வழுக்கையும் அதில் தெரிந்தன. கொஞ்சம் பக்கவாட்டில் போனார். பிள்ளையின் முகம் கறுத்தது. எழும்பி நின்றார். முகம் வெளுத்தது. திரும்பவும் குனிந்து நேராகப் பார்த்தார்.

“இந்தச் சட்டை எங்கட இல்ல” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வெள்ளைச் சட்டைதானே? அரசாங்கம் கொடுக்கிற துணிதானே?

“இது நீலம் போட்ட வெள்ளை சேர். நான் புள்ளைட சட்டைக்கு நீலம் போடுறல்ல. எங்கட கிணத்துத் தண்ணிக்கு வெள்ளை கொஞ்சம் மஞ்சளிச்சித்தான் நிக்கும். நான்தானே தோய்ச்சனான்.”

நான் அசல் படத்தை வாங்கிப் பார்த்தேன். ஸ்கிரீனைப் பார்த்தேன். திரும்பவும் படத்தைப் பார்த்தேன். ஓம்! அசலில் சட்டை ஒரு பழுப்பு வெள்ளை. என் பளபளப்புக்காரனில் சட்டை நீலம் முக்கியெடுத்த வெள்ளை. ஸ்கிரீனே நீலம் பாரித்திருந்தது. அதே நீலம்தான் பிள்ளையின் முகத்திலும் ஏறி, அவளை வெளுப்பாக்கியது. அதில் திருத்தியிருந்தால் படம் இன்னொரு பக்கத்துக்குக் கெட்டுப் போயிருக்கும். கண் முன்னால் கிடந்தும் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் ரேம்.

நேசம் சிவமணியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது, கறுப்புப் பெட்டி. கீறல் இல்லாதது. எந்தப் பக்கம் போனாலும் முகம் மாறவில்லை. சட்டையும் சரி. நேசம் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். நேசம் ஆட்டினால் ஆட்டுவது என்று அதற்குள் முடிவு செய்திருந்தேன்.

சிவமணி விரலை நீட்டினார். ஸ்கிரீனைத் தொடவில்லை.

“என்ட புள்ளைக்குக் கன்னத்தில மச்சம் இல்ல.”

எங்கே மச்சம்? நான் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஊசி முனையளவு ஒரு கறுப்புப் புள்ளி. தூசி என்று நினைத்து, கைலேஞ்சியால் துடைத்தேன். போகவில்லை. நேசம் படத்தைக் கொஞ்சம் நகர்த்தினார். பிள்ளையின் முகம் நகர்ந்தது, புள்ளி நகரவில்லை. இப்போது மச்சம் பக்கத்தில் நின்ற பிள்ளையின் காதில் இருந்தது.

ஸ்கிரீனில் ஒரு புள்ளி செத்திருந்தது. கொம்பியூட்டர்காரர்கள் இதைக் கண்டுபிடிப்பதற்கு முழு வெள்ளை, முழுச் சிவப்பு, முழுப் பச்சை என்று ஸ்கிரீனை நிரப்பிப் பார்க்கச் சொல்வார்கள். நானும் எழுதியிருக்கிறேன். எழுதியவன் செய்து பார்க்கவில்லை. சிவமணிக்கு நிறமும் வேண்டியிருக்கவில்லை, சோதனையும் வேண்டியிருக்கவில்லை. ஐந்து வருடமாகக் காணாத கன்னத்தில் ஊசி முனையளவு இல்லாத ஒன்று இருந்ததை நின்ற நிலையில் கண்டுபிடித்தார்.

அந்த நேரம் பார்த்து என் பளபளப்புக்காரன் ஒரு சத்தமும் இல்லாமல் அணைந்து போனான். பற்றரி முடிந்தது. நானா இன்னும் பள்ளிவாசலில்தான் இருந்தார்.

மிஞ்சியது மூன்றாவது. அதைப் பற்றிச் சொல்லவே வெட்கம். மூடியெல்லாம் கீறல். ஏதோ ஒபிஸின் இலக்கத்தை ஒட்டிப் பிய்த்தெடுத்த பசை அப்படியே கிடந்தது. சில எழுத்துகள் தேய்ந்து பாதி போயிருந்தன. என் பட்டியலில் கடைசி இடம் அதற்குத்தான். ஸ்கிரீனும் மங்கல், மினுக்கம் எதுவும் இல்லை. லொறியும் தெரியவில்லை, என் வழுக்கையும் தெரியவில்லை.

சிவமணி அதன் முன்னால் குந்தினார். முகத்தைப் பார்த்தார். இடப் பக்கம் போய்ப் பார்த்தார். வலப் பக்கம் போய்ப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். கையிலிருந்த படத்தை ஸ்கிரீனோடு வைத்துப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. இதிலும் ஏதோ பிழை கண்டுவிட்டார் போலும் என்று நினைத்தேன். இருந்த மூன்றும் போய்விட்டால் இருபத்தாறுக்கு என்ன செய்வது?

“நேசக்கா” என்றார். “கொலர்ல பாருங்க. இஞ்ச.”

நாங்கள் இருவரும் குனிந்தோம். கழுத்துப்பட்டியின் ஓரத்தில் மிக மெல்லிய ஒரு கறை. ஊதா என்று சொன்னால் ஊதா. இல்லையென்றால் நிழல். நேசம் உடனே படத்தை நகர்த்திப் பார்த்தார். கறையும் படத்தோடு சேர்ந்து நகர்ந்தது. ஸ்கிரீனில் இல்லை, சட்டையில்தான் இருந்தது.

“நாவப்பழக் கறை” என்றார் சிவமணி. “படம் புடிக்கிறதுக்கு முதல் நாள் பின்னேரம், வேணாம் வேணாமெண்டு சொல்லச் சொல்லப் பள்ளிச் சட்டையோட மரத்துக்குப் போயிட்டாள். எலுமிச்சம்புளி போட்டுத் தோய்ச்சன், உப்புப் போட்டுத் தோய்ச்சன். அரைவாசிதான் போனது. விடியப் படம் புடிக்கப் போகக்குள்ள அதப் பாத்துட்டு... அடிச்சிப்போட்டன் நேசக்கா. ரெண்டு அடி. அழுதழுதுதான் போனவள்.”

கதவடியில் யாரோ வந்து நின்றார்கள். லத்தீப் நானா. எப்போது வந்தார் என்று தெரியாது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மிளகளவு முகம். அதற்குக் கீழே மணலளவு கறை. அசல் படத்தில் கண்ணை ஒட்டி வைத்தாலும் தெரியவில்லை. முதல் ஸ்கிரீனின் நீலம் அதை விழுங்கிவிட்டது. இரண்டாவதில் மச்சம் கண்ணை இழுத்ததால் யாரும் கழுத்தைப் பார்க்கவில்லை. இந்தக் கிழட்டு லெப்டொப், உள்ளதை உள்ளபடி எடுத்துக் காட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதது போல் ஓடிக்கொண்டிருந்தது. நானா தொழுது வந்த பிறகும் அதன் பற்றரி பாதிக்கு மேல் இருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதேன். கைலேஞ்சி லெப்டொப் துடைத்த அழுக்கோடு இருந்தது. பரவாயில்லை என்று அதிலேயே துடைத்துக்கொண்டேன்.

“இதுதான் நானா” என்றார் நேசம்.

லத்தீப் நானா பேரம் பேசவும் விடவில்லை, தானும் பேசவில்லை. சார்ஜரைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். சிவமணியிடம், “எனக்கும் மகள் ஒண்டு இரிந்தா ராத்தா, அதே தண்ணியிலதான்” என்று மட்டும் சொன்னார். பொலனறுவைப் பக்கமிருந்து வந்த பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

லெப்டொப் வாங்குகிறவர்கள் கடையில் எதைப் பார்க்க வேண்டும்? இப்போது யாராவது கேட்டால் நான் பட்டியலை எடுப்பதில்லை. உங்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு முகத்தின் படத்தைக் கொண்டுபோங்கள் என்கிறேன். உங்கள் பிள்ளையோ, தாயோ, யாராவது. பொய் சொல்கிற ஸ்கிரீன் அங்கே உடனே அகப்படும். ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போகிற அறிவு வேறு. தோய்த்துத் தோய்த்து வருகிற அறிவு வேறு.

நேசம் ஒரு கிழமை அந்தப் படத்தில் வேலை செய்தார். கறையான் தின்ற விளிம்பைச் சரி செய்தார். பூஞ்சணத்தைத் துடைத்தார். வெடிப்புகளை மூடினார். கறை எடுப்பதுதானே அவர் தொழில்? கழுத்துப்பட்டிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. சிவமணியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“அத எடுக்காதீங்க நேசக்கா” என்றார் சிவமணி. “நான் ஒருக்கா எடுக்கப் பாத்ததே போதும்.”

மார்கழி இருபத்தாறு காலையில் நானும் நேசமும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வாகரைப் பக்கம் முழுக்க, வீட்டுக்கு வீடு விளக்கு. சிவமணியின் சுவரில் துஷாந்தி இருந்தாள். கறுத்த, வட்ட முகம். பெரிய கண்கள், அழுது முடித்த கண்களாக இருக்கலாம். உதட்டில் மட்டும் ஒரு பிடிவாதம். தாயின் நிறம் அப்படியே. புருஷன் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு, வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பூத்தட்டோடு வந்தார். படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். அவருக்கு நல்ல கண் போலும்.

“அச்சொட்டா அவள்தான் சிவமணி. ஆனா கொலர்ல ஒரு கறை கிடக்கே. ஸ்டூடியோக்காரி கவனிக்கல்லயா?”

நேசம் தலையைக் குனிந்துகொண்டார். சிவமணி விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். திரும்பியும் பார்க்கவில்லை.

“கவனிச்சபடியாத்தான் கிடக்கு” என்றார்.